முகூர்த்தச் சேலைக்குள் ஒரு தூண்டில் முள்

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

மறுபடியும் எண்ணினேன். விரலை வைத்து எண்ணினேன். தைல டப்பாவைக் கவிழ்த்துப் பாயில் கொட்டி எண்ணினேன். நான்குதான் இருந்தது. காலையில் என் கையால் நான் கட்டியது ஐந்து பூச்சி.

பூச்சி என்றால் நிஜப் பூச்சி இல்லை. ஒரு அரிசி நீளத் தூண்டில் முள்ளின் மேல் பட்டு நூலைச் சுற்றி, கோழி இறகை வைத்து இறுக்கிக் கட்டிய பொய்ப் பூச்சி. மீனை ஏமாற்றுவதற்காகச் செய்வது. அதில் ஒன்றைக் காணோம்.

எதிரே தறி. அதில் பாதிக்கு மேல் நெய்து முடித்த முகூர்த்தச் சேலை படமரத்தில் சுருண்டு கிடந்தது. நெய்ய நெய்யத் துணியைச் சுற்றி வைக்கிற கட்டையைத்தான் எங்கள் ஊரில் படமரம் என்போம்.  அந்த ஐந்து பூச்சிகளையும் நான் கட்டிக் கட்டி வரிசையாக வைத்தது அந்தச் சேலையின் மேல்தான்.

துணிதான் எங்களுக்கு மேஜை

சேலையின் மேல் யாராவது முள்ளை வைப்பார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

தறியில் உட்கார்ந்தால் எங்களுக்கு முன்னால் இழுத்துக் கட்டின துணி ஒரு முழத்துக்குப் பலகை மாதிரி நிற்கும். கத்தரிக்கோலை அதன் மேல் வைப்போம். அறுந்த நூலை வைப்போம். பேச்சுக்கு யாராவது வந்தால் வெற்றிலையைக்கூட ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, மாமியார் பார்ப்பதற்குள் எடுப்போம். வெளிச்சமும் வீட்டிலேயே அங்கேதான் நன்றாக இருக்கும். தறிக்கு நேர் மேலே ஓட்டில் ஒரு கண்ணாடி பதித்திருந்தது. பொடி வேலை செய்ய அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மாமியார் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் தறியில் உட்கார்ந்து பூச்சி கட்டினேன். அரக்குப் பட்டின் மேல் முள் பளிச்சென்று தெரிந்தது. அவர் திரும்பி வந்த சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் வாரி டப்பாவில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அவர் வந்து உட்கார்ந்தார், படமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினார், நாங்கள் நெய்ய ஆரம்பித்தோம். சாயங்காலம்தான் எண்ணிப் பார்த்தேன்.

ஒரு முள் அந்தச் சுருட்டலுக்குள் மாட்டியிருந்தால் என்ன ஆகும்? படமரத்தைச் சுற்றச் சுற்ற மேலே துணி ஏறும். மேலே ஏற ஏற அழுத்தும். அழுத்த அழுத்த முள் ஒவ்வொரு மடிப்பாகக் குத்திக்கொண்டு போகும். ஒரு முள்ளுக்கு ஏழெட்டு ஓட்டை. அதுவும் பட்டில், அதுவும் முகூர்த்தச் சேலையில்.

கண்ணமங்கலத்துப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம். அடுத்த வாரம் முகூர்த்தம். வியாழக்கிழமை சேலையைத் தறியிலிருந்து அறுத்து மாஸ்டர் கையில் கொடுத்தாக வேண்டும். தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூலும் சரிகையும் கொடுத்து எங்களுக்கு வேலை தருகிறவரை மாஸ்டர் என்று சொல்வோம்; எதிரில் பேசும்போது மொதலாளி. அந்தச் சேலை கெட்டுப்போனால் இன்னொன்று நெய்ய நாள் இல்லை. அந்தப் பெண் வேறு எதையோ கட்டிக்கொண்டு மணையில் உட்காருவாள். அப்புறம் எங்கள் தறிக்கு யார் பாவு தருவார்கள்?

கப்பலில் வந்த கோல்

நெசவுக்காரிக்குத் தூண்டிலில் என்ன வேலை என்று இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கே தோன்றும். அதற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் பாபு.

பாபு கப்பலில் சமையல் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தடவை லீவில் வந்தபோது எங்கேயோ வெளிநாட்டில் யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு கோலைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். மூன்று துண்டாகக் கழற்றலாம். பிடித்தால் கையில் இருக்கிறதா என்றே தெரியாது. அதோடு பட்டாணி மஞ்சளில் தடிமனாக ஒரு கயிறு, நுனியில் கண்ணுக்குத் தெரியாத நரம்பு, ஒரு டப்பா நிறையப் பொடிப்பொடியாக முள். மண்புழு வேண்டாம், மாவு உருண்டை வேண்டாம், தக்கை வேண்டாம். கயிற்றின் கனத்தை வைத்துத்தான் வீச வேண்டும், பொய்ப் பூச்சி போய்த் தண்ணீர் மேல் மெத்தென்று உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்தவாசல் போகிற வழியில் ஒரு பொதுக்குளம் இருந்தது. ஒரு பக்கம் மாடு குளிப்பாட்டுவார்கள், ஒரு பக்கம் லாரி கழுவுவார்கள், மிச்ச இடத்தில் யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். முதல் நாள் என் வீட்டுக்காரர் அங்கே போய்க் கோலை வீசினார். முள் பின்னால் வேலிக்காத்தான் செடியில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது வீச்சில் அவர் சட்டையில். மூன்றாவது வீச்சில் என் முந்தானையில்.

கரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம்.

"இன்னாண்ணே, மாடு ஓட்டறீங்களா, மீனு புடிக்கிறீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். எனக்குத்தான் ரோஷம். வீட்டுக்கு வந்து பூச்சியைக் கையில் வைத்துப் பார்த்தேன். பாபு கொடுத்த நாலைந்து மாதிரிப் பூச்சியும் கசங்கிப் போயிருந்தன. நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவது ஒரு வித்தையா? பாவில் தலைமுடியைவிட மெல்லிய இழை அறுந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடுகிறவள் நான். தறிக்கு அடியில் கிடந்த கழிவுப் பட்டைப் பொறுக்கினேன். கறுப்பு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். அடுத்த வீட்டுச் சேவலின் கழுத்து இறகை அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிந்தே பிடுங்கினேன்.

எது எடுபட்டது தெரியுமா? கறுப்பு. கறுப்பு உடம்பில் ஒரே ஒரு சரிகை இழையைச் சுற்றிவிட்டால் ஜிலேபிக் கெண்டை விடவே விடாது. விரால் மட்டும் பச்சை கேட்கும். அதுவும் தாமரை இலை ஓரத்தில் தவளை மாதிரி இழுத்தால்தான். கறுப்பைக் கட்டிக் கொடுத்த அன்றைக்கு என் வீட்டுக்காரரின் கையும் தானாக வந்துவிட்டது. பின்னால் ஒரு வீச்சு, ஒரு மூச்சு நிறுத்தம், முன்னால் ஒரு வீச்சு. தறியில் காலுக்கு மிதியும், ஊடுநூலைக் கொண்டுபோகிற நாடாவும் மாறி மாறிப் போகிற கணக்குத்தான். அந்த நிறுத்தம் நெசவுக்காரனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

மஞ்சள் கயிறு காற்றில் நெளிந்து போய் நீண்டது. கறுப்புப் பூச்சி தண்ணீரில் உட்கார்ந்தது. சளக் என்று ஒரு சத்தம். கோல் வில்லாக வளைந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி. கரையில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் மட்டும் "ஐயோ, ஐயோ" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

அமாவாசை மீன்

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. எங்களுக்குத் தறி லீவு அமாவாசை அன்றைக்குத்தான். ஆனால் அமாவாசை அன்று வீட்டில் மீன் வாசலே ஏறக் கூடாது. மாமியார் உயிரை எடுத்துவிடுவார். மீன் பிடிக்க நேரம் இருக்கிற நாளில் மீன் தின்ன வழியில்லை.

அதனால் பிடித்த மீனையெல்லாம் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். இது குளத்தங்கரையில் பெரிய பேச்சாகிவிட்டது.

"பட்டுச் சேலை கட்டி அழைச்சுகினு வர்றாங்க, அப்புறம் பொறந்த வீட்டுக்கே அனுப்பிடறாங்க. இன்னாப்பா இது?" என்று லாரி கழுவுகிறவர் ஒருவர் கேட்பார்.

கையில் பிடித்த விராலை வீட்டுக்காரர் விடும்போது எனக்கு நாக்கு ஊறும். மிளகாயும் பூண்டும் அரைத்துப் போட்டால் எப்படி இருக்கும்! பல்லைக் கடித்துக்கொள்வேன். ஆனாலும் மாதத்தில் அந்த ஒரு நாளுக்காக நான் ஏங்கினேன் என்பதை மறைக்க மாட்டேன். மற்ற இருபத்தொன்பது நாளும் குழித்தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அவர் சேலையின் உடலை நெய்வார், நான் ஒரு பக்கக் கரைக்கு நாடா போடுவேன். பக்கத்திலேயே இருந்தும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க நேரம் இருக்காது. குளத்தில்தான் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

மாமியாருக்கு இன்னொரு சட்டம். முகூர்த்தச் சேலை தறியில் இருக்கிறவரை கோலைத் தொடக் கூடாது, தூண்டில் சாமான் தறிப்பக்கம் வரக் கூடாது. அவரிடம் என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை சேலையை அறுத்துவிடுவோம், வெள்ளிக்கிழமை அமாவாசை. அதற்குத் தயாராக இருக்கட்டும் என்றுதான் அந்த ஐந்து பூச்சியையும் கட்டினேன். ஆக, சட்டத்தை மீறினது நான்.

சுருட்டலைத் தடவிய இரண்டு நாள்

திங்கட்கிழமை விடிந்ததும் தறிக்குழியில் இறங்கித் தேடினேன். பாயை உதறினேன். கொண்டையை அவிழ்த்துப் பார்த்தேன். அடுத்த வீட்டுச் சேவலைக்கூடச் சந்தேகப்பட்டேன். எங்கேயும் இல்லை.

சேலையைப் பிரித்துப் பார்த்துவிடலாமே? முடியாது. பாதியில் படமரத்தை அவிழ்த்தால் பாவு தொய்ந்துவிடும். திரும்ப இழுத்துக் கட்டி நெய்தால் அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். மாஸ்டர் கண்ணுக்கு அது தப்பவே தப்பாது. முள் இல்லாத சேலையை முள்ளுக்குப் பயந்து நானே கெடுத்ததாகிவிடும்.

என் வீட்டுக்காரர் எழுந்து போகிற நேரமெல்லாம் சுருட்டலைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு தடவை மேடாகத் தெரியும், மறு தடவை ஒன்றும் இருக்காது. படமரத்தைச் சுற்ற அவர் கை வைக்கும்போதெல்லாம் என் நெஞ்சுக்குள் ஏதோ கிழிகிற மாதிரி இருக்கும்.

"இன்னா மல்லி, நாடாவைப் போடாம எங்க பாத்துகினு இருக்கே?"

"ஒன்னுமில்லீங்க. கண்ணு எரியுது."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் இல்லை. அந்தக் கண்ணமங்கலத்துப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் கண்ணை மூடினால் ஓட்டைச் சேலையோடு அவள் வந்து நின்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாமியார் எதிர்வீட்டுக்குப் போன நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"இன்னாங்க, ஒன்னு சொல்லணும். கத்தக் கூடாது."

"இன்னா, அம்மாகிட்ட சண்டையா?"

"பூச்சி ஒன்னைக் காணோம். சேலை மேல வச்சுக் கட்டினேன். உள்ள போயிருக்குமோன்னு பயமா இருக்குது."

 அவர் நாடாவைக் கீழே வைத்தார். படமரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  பிறகு தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"அந்தப் பூச்சியா? அது... நான்தான் எடுத்தேன்."

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம். நீ சாப்ட்டுகினு இருந்தே. பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும்னு சொல்லிட்டுப் போனேன் இல்ல? கொளத்துக்குத்தான் போனேன். ஒரு விரால் வந்துச்சு. நரம்பை அறுத்துகினு போயிடுச்சு."

எனக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. வாக்குக் கொடுத்துவிட்டுத் திருட்டுத்தனமாகக் குளத்துக்குப் போவதா? இரண்டு நாள் நான் செத்துச் செத்துப் பிழைத்தேனே, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே! வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மனுஷனா நீங்க என்றேன். அந்த மீனுக்கு இருக்கிற மானம்கூட உங்களுக்கு இல்லை என்றேன்.

என் சத்தம் கேட்டு மாமியார் ஓடிவந்தார். மகன் வாக்கை மீறிய சேதி தெரிந்ததும் அவர் பங்குக்கு ஆரம்பித்தார். "தறியில முகூர்த்தச் சேலை இருக்கசொல்ல மீனைத் தொட்டியேடா, பேமானி!" நாங்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒன்றாகச் சேர்ந்து பேசியது அநேகமாக அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி நான் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

புதன்கிழமையெல்லாம் ஜல்தி ஜல்தியாக வேலை ஓடியது. படமரத்தை நான்தான் சுற்றுவேன், நீ கை வைக்காதே என்று அவர் சொன்னார். மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினார். செய்த தப்புக்குப் பயபக்தி காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட நங்கென்றுதான் வைத்தேன்.

மாஸ்டர் வீட்டு ஜன்னல்

வியாழக்கிழமை சேலையை அறுத்து எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். அவர் கூடத்தில் வெள்ளை வேட்டி விரித்து, சேலையை நீளமாகப் போட்டு, முழம் முழமாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். ஒரு குண்டூசி ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும்.

நான் சாவகாசமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மாஸ்டர் சம்சாரம் கொடுத்த காப்பியைக் குடித்தேன். என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. காப்பியையும் தொடவில்லை. சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. கார்த்திகை மாதத்தில் என்ன வேர்வை இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன்.

முந்தானைக்குக் கொஞ்சம் முன்னால் மாஸ்டரின் கை நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது இன்னாப்பா?"

என் வீட்டுக்காரர் சடாரென்று முன்னால் போனார்.

"மொதலாளி, அது என் தப்புதான். அவளுக்கு ஒன்னும் தெரியாது. தூண்டி முள்ளைச் சேலை மேல வச்சது நான்தான்."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். நகத்தால் எதையோ சுரண்டி ஊதினார்.

"தூண்டி முள்ளா? தூசிப்பா இது. சும்மா பேஜார் பண்ணாம அந்தாண்ட நில்லு."

மிச்ச இரண்டு முழத்தையும் பார்த்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். மடித்தார்.

"நல்லா வந்துக்குது. எடுத்துகினு போங்க அடுத்த பாவை."

நான் காப்பி டம்ளரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.  மாஸ்டர் சம்சாரம் என்னம்மா என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

தெருமுனையில்

புதுப் பாவு நூலை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு அவர் தள்ளிக்கொண்டு வந்தார். தெரு திரும்புகிற வரை பின்னாலேயே நடந்தேன். அப்புறம் சைக்கிள் முன்னால் போய் நின்றேன்.

"நெஜத்தைச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம நீங்க கொளத்துக்குப் போனீங்களா?"

"இல்ல."

"பூச்சியை எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கிறேன்? அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டு?"

"அப்போ அது சேலைக்குள்ள இல்லைன்னு உங்களுக்கு..."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ ரெண்டு நாளா தூங்கல, சாப்பிடல. ஒருத்தர் பயந்தா போதாதா? ஓட்டை இருந்தா நான்தான்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"நீங்க தூங்கினீங்களா?"

அவர் சைக்கிள் மணியைத் துடைக்கிற மாதிரி தடவிக்கொண்டிருந்தார்.

"படுத்தேன்" என்றார்.

பட்டப்பகல். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் எதிரில் மறுபடியும் அவரைத் திட்ட ஆரம்பித்தேன். இனிமேல் இந்த மாதிரி என்னிடம் பொய் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாது என்றேன். நான் சொன்னதற்கெல்லாம் ஒரு வார்த்தையாவது திருப்பிச் சொல்லக் கூடாதா என்றேன். அம்மாவிடம் அத்தனை பேச்சு வாங்கினீர்களே என்றேன். திட்டத் திட்டக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

"சரி, வூட்டுக்கு வந்து திட்டு. பாவு வெயில்ல காயுது" என்றார்.

கேரியரில் ஒரு கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் அழுதேன். ஐந்தாவது பூச்சி எங்கே போனது என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை. மாமியாரிடம் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் உள்ளே போய் மகனுக்குச் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்த இடத்திலேயே என் வீட்டுக்காரர் சுவரோரம் சாய்ந்து தூங்கிப்போனார். சாயங்காலம் வரைக்கும் நானும் மாமியாரும் அவரை எழுப்பவில்லை.